மூன்றாவது இறக்கம்

வைத்திலிங்கம் அன்றைக்குக் காலையில் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான். மூலக்குளத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு, வைத்திக்குப்பத்து முனையிலிருக்கிற தன் கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று தடவை இறங்கி நின்றான். சைக்கிளில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறெல்லாம் அவனிடத்தில்தான். மில் இன்ஜின், லாரி, பஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பூட்டின நாற்பது வயசு மனுஷன், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி, அன்றைய வேலையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கொட்டகைக்குள்ளே அந்த அமெரிக்கக் கார் பனங்கட்டைகளின் மேல் இடுப்புயரத்துக்கு ஏறி நின்றது. பச்சை நிறம். டாக்டர் சுலோசனாவின் கார். ஏழு மாதமாக அங்கேதான் நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கோழி அதன் பின்சீட்டில் ஒரு ஈடு குஞ்சு பொரித்து இறக்கிக்கொண்டு போய்விட்டது.

ஊரில் ஓடுகிற மற்ற கார்களுக்கெல்லாம் மூன்று பெடல். இதற்கு இரண்டுதான். கிளச் கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். பேய் பிடித்த வண்டி என்று ஊர்க்காரர்கள் கேலி பேசினார்கள். பேசட்டும். டாக்டரம்மாவுக்கு அது வண்டி இல்லை, கால். நாலு வயசில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய இடது காலைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. தடியில்லாமல் நாலு அடி வைக்க முடியாதவர் கிளச்சை எங்கே மிதிப்பது? அண்ணன் அரிகிருஷ்ணன் சைகோனில் துவான் ஆபீசில், அதாவது சுங்கத்தில், உத்தியோகம் பார்த்தவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஊர் திரும்பும்போது தங்கைக்கென்றே தேடிப் பிடித்துக் கப்பலில் ஏற்றிவந்த கார் அது. வந்த நாளிலிருந்து அந்த அம்மாள் வீட்டில் உட்காரவில்லை. வைத்திக்குப்பத்திலிருந்து காலாப்பட்டு வரைக்கும் கடலோரத்தில் எந்த வீட்டில் இடுப்பு வலி கண்டாலும், பச்சைக் கார் வாசலில் போய் நிற்கும்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த காரைப் படுக்கப் போட்டது யார் என்பது வைத்திலிங்கம் ஒருவனுக்குத்தான் தெரியும்.

போன ஆடியில், கியர்பாக்ஸில் எண்ணெய் கசிகிறது என்று டாக்டரம்மா காரைக் கொண்டுவந்து விட்டார். அவன் கசிவை அடைத்தான். குறைந்துபோன எண்ணெய்க்குப் பதிலாக, லாரிக்கு ஊற்றுகிற கெட்டியான கியர் எண்ணெயை ஊற்றி நிரப்பினான். கியர்பாக்ஸ் என்றால் கியர் எண்ணெய், இதிலே என்ன வேதாந்தம்? அன்றைக்குப் புதுச்சேரியில் எந்த மெக்கானிக்காக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். பதினைந்தாம் நாள் கார் இழுக்க முரண்டு பிடித்தது. இருபதாம் நாள் இன்ஜின் பாட்டுக்கு உறும, சக்கரம் அசையாமல் நடுரோட்டில் நின்றுவிட்டது.

பிரித்துப் பார்த்தால் உள்ளே பட்டைகளும் தட்டுகளும் கரிந்து கிடந்தன. பம்ப்பும் கெட்டிருந்தது. அரிகிருஷ்ணன் சைகோனிலிருக்கிற சிநேகிதருக்கு எழுதினார். ஐப்பசியில் ஒரு மரப்பெட்டி வந்தது: பட்டை, தட்டு, சிவப்பு எண்ணெய் ஆறு டின், ஒரு ஆங்கிலப் புத்தகம். பம்ப்பு மட்டும் தை மாதம் தனியாக வந்தது. விபத்தில் நொறுங்கின ஒரு வண்டியிலிருந்து கழற்றியது, இனி வேறு கிடைக்காது என்று கூடவே ஒரு கடிதம்.

பிரெஞ்சில் படித்துப் பட்டம் வாங்கின டாக்டரம்மா, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை அவனுக்குத் தமிழில் சொன்னார். சாயங்காலமானால், ஆள் பின்னாலிருந்து தள்ளுகிற புஷ்புஷ் வண்டியில் வந்து இறங்குவார். ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பக்கம் படிப்பார். நாலாம் நாள் அந்த வரி வந்தது.

"சிவப்பு எண்ணெயத் தவிர வேற எதையும் ஊத்தக் கூடாதாம். ஊத்தினா உள்ள பட்டை வழுக்கி வெந்துபோகும்னு போட்டிருக்கான்" என்று படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப யாரோ ஊத்தியிருக்காங்க. யாரா இருக்கும் வைத்திலிங்கம், நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"சைகோன்லயே ஊத்தியிருப்பாங்கம்மா."

வாய் முந்திக்கொண்டது. அவன் கசிவை மட்டும்தான் அடைத்தான் என்று நம்பியிருந்தவர், ஐந்து வருஷமாக மெள்ள மெள்ள வெந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து டாக்டரம்மா அண்ணனைக் குத்திக்காட்டினார். அந்த மனுஷனும், "இருக்கும், அங்க ஒரு கராஜ்காரனை நம்பித்தான் விட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார். தான் செய்த தப்புக்கு இன்னொருத்தர் தலைகுனிவதைப் பார்த்துக்கொண்டு வைத்திலிங்கம் நட்டு முறுக்கிக்கொண்டிருந்தான்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கார்த்திகையில் காலாப்பட்டிலிருந்து ஆள் ஓடிவந்தது. தனக்கொடி என்ற பெண்ணுக்குப் பிள்ளை குறுக்கே விழுந்துவிட்டது. டாக்டரம்மா மாட்டுவண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. அந்தச் சேதியைக் கேட்ட நாளிலிருந்து வைத்திலிங்கத்துக்குச் சரியான தூக்கமில்லை. மனைவி பார்வதி என்ன ஏது என்று கேட்டுப் பார்த்து, கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டாள்.

இன்றைக்கு மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. அடுத்த மாதம் அரிகிருஷ்ணன் மதராஸில் கப்பலேறிப் பிரான்சிலிருக்கிற மகனிடம் போகிறார். காரும் இல்லாமல் துணையும் இல்லாமல் தங்கையை விட்டுப் போக அவருக்கு மனசில்லை. அண்ணனும் தங்கையும் சண்டை போட்டு ஓய்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மதராஸிலிருந்து பழைய கார் வாங்குகிறவர் லாரியோடு மூன்று மணிக்கு வருவார். அதற்குள் கார் தானாக ஓடினால் சுலோசனா இங்கேயே இருப்பார். ஓடாவிட்டால் கார் லாரியில் ஏறும், சுலோசனா கப்பலில் ஏறுவார். கடற்கரைக் குப்பங்களுக்கு அப்புறம் மாட்டுவண்டியும் இல்லை, டாக்டரும் இல்லை.

மிச்சமிருந்த பெரிய வேலை ஒன்றுதான். கன்வர்ட்டரை கியர்பாக்ஸின் மூக்கில் மாட்டி, இரண்டையும் சேர்த்துத் தூக்கி இன்ஜினோடு பூட்ட வேண்டும். கன்வர்ட்டர் என்பது பூசணிக்காய் போல உருண்ட இரும்பு. உள்ளே எண்ணெய். கிளச் பார்க்கிற வேலையை இதில் எண்ணெய் பார்க்கிறது. மூக்கில் நுழைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தால் அது மூன்று இடத்தில் இறங்கும். முதல் இறக்கம் நடுத்தண்டில். இரண்டாவது, தண்டைச் சுற்றியிருக்கிற குழாயில். மூன்றாவது, பம்ப்பின் இரண்டு காதுகளில். மூன்றாவது இறக்கம் இறங்காமல் இன்ஜினோடு சேர்த்து முறுக்கினால் பம்ப்பின் காது உடைந்துவிடும். புத்தகத்தில் அந்த இடத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். டாக்டரம்மா அதை இரண்டு தரம் படித்துக் காட்டியிருந்தார்.

ஏழு மணிக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். கியர்பாக்ஸை மூக்கு மேலே பார்க்க நிறுத்தினான். கன்வர்ட்டரில் சிவப்பு எண்ணெய் ஊற்றித் தூக்கி வைத்தான். முதல் இறக்கம் உடனே வந்தது. இரண்டாவது கொஞ்சம் பிகு செய்துகொண்டு வந்தது. மூன்றாவது வர அரை மணி நேரம் ஆயிற்று. 'டொக்' என்று கீழே போய் உட்கார்ந்தபோது அவன் மூச்சும் கூடவே இறங்கியது. இரும்பு ஸ்கேலை கியர்பாக்ஸ் பெட்டியின் வாயில் குறுக்கே வைத்து அளந்தான். கன்வர்ட்டர் ஒரு கட்டைவிரல் அகலம் உள்ளே இருந்தது. அதுதான் கணக்கு. அது முன்னால் நழுவி வராதபடி ஒரு மரப்பட்டையைக் குறுக்கே வைத்துக் கட்டினான்.

எட்டரை மணிக்கு டாக்டரம்மா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அரிகிருஷ்ணன் வாசலிலேயே குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் வைத்திலிங்கத்துக்கு முதுகு அரித்தது.

தூக்குவதற்கு வைத்திக்குப்பத்துக் குப்பன் மூன்று ஆட்களோடு வந்தான். நாலு பேருக்கும் கடலில் வளர்ந்த தோள்கள்.

"காத்து சரியில்ல, கட்டுமரம் எறக்கல. ஆனா பத்து மணிக்குப் பெரிய வலை இழுக்கணும் மேஸ்திரி. நாங்க இல்லாட்டி வலை கரை ஏறாது. அதுக்குள்ள முடிச்சிடு" என்றான் குப்பன்.

காரின் முன்சீட்டையும் கால் வைக்கிற தகட்டையும் வைத்திலிங்கம் ஏற்கெனவே கழற்றியிருந்தான். பாய்மரக் கழி ஒன்றை இந்தக் கதவு வழியாக விட்டு அந்தக் கதவு வழியாக எடுத்தார்கள். கழியிலிருந்து கயிறு தரை ஓட்டை வழியே இறங்கி, காருக்கு அடியில் கிடந்த கியர்பாக்ஸைக் கட்டிப் பிடித்தது. பக்கத்துக்கு இரண்டு பேர் கழியைத் தோளில் வாங்கினார்கள். வைத்திலிங்கம் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தான்.

"மெள்ளத் தூக்கு. மூக்கு சாயக் கூடாது. நான் சொல்றப்ப முன்னால தள்ளு."

"அதெல்லாம் தெரியும் மேஸ்திரி."

அவர்களுக்குத் தெரிந்தது படகு தள்ளத்தான். குப்பன் அம்பாப் பாட்டை எடுத்துவிட்டான். மீனவனுக்குப் பாட்டில்லாமல் கை வராது. மணலில் கிடக்கிற படகைத் தள்ளும்போது பாட்டின் கடைசி அடிக்குத்தான் எல்லாருடைய பலமும் ஒன்றாகச் சேரும், அப்போதுதான் படகு நகரும். பரம்பரை பரம்பரையாக அப்படிப் பழகின தோளுக்கு, இது படகில்லை, பாதியில் நிறுத்து என்று யார் சொல்லி என்ன பயன்? பெட்டி ஏறியது. வைத்திலிங்கம் மரப்பட்டையை அவிழ்த்து எடுத்தான். பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நாலு விரல் இடைவெளி. "போதும், போதும், இனிமே நான்" என்று அவன் கத்தினான். பாட்டு கடைசி அடிக்கு வந்துவிட்டது. நாலு பேரும் ஒரே மூச்சில் தள்ளினார்கள். பெட்டியின் மூக்கு ஒரு கணம் கவிழ்ந்து நிமிர்ந்து, இன்ஜினில் போய் முட்டி நின்றது.

முட்டின சத்தம் அவன் பல்லில் கேட்டது.

அண்ணாந்து பார்த்தான். பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இன்னும் ஒரு விரல் இடைவெளி இருந்தது. கையால் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. நெற்றியில் ஏதோ சொட்டியது. விரலால் தொட்டுப் பார்த்தான். சிவப்பு எண்ணெய்.

கன்வர்ட்டர் நழுவியிருந்தால்தான் எண்ணெய் வெளியே வரும். இல்லை, பெட்டி சாய்ந்தபோது ஓரத்தில் தங்கியிருந்தது சிந்தியிருக்கலாம். எது என்று இங்கே படுத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"இன்னொரு பாட்டு போட்டா உள்ள பூந்துடும்" என்றான் மேலேயிருந்து குப்பன்.

"ஏம்பா, போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்துடேன். எல்லா கராஜ்லயும் அப்படித்தானே செய்றாங்க?" இது அரிகிருஷ்ணன்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. லாரி கியர்பாக்ஸ் கடைசி ஒரு விரலுக்கு முரண்டு பிடிக்கும்போது, நாலு போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினால் வழிக்கு வந்துவிடும். வைத்திலிங்கம் ஆயிரம் தடவை செய்த வேலை. அவன் கை அவனைக் கேட்காமலே இரண்டு போல்ட்டை எடுத்து மாட்டியது. ஸ்பானர் ஏறியது. இரண்டு சுற்று லேசாகப் போயிற்று. மூன்றாவது சுற்றில் கனத்தது. இடைவெளி ஒரு நூல் குறைந்தது.

அப்படியே நிறுத்தி, கீழே இருந்த திறப்பு வழியாகக் கையை விட்டுக் கன்வர்ட்டரைத் திருப்பிப் பார்த்தான். திரும்பவில்லை. இன்ஜினுக்கும் பம்ப்புக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டதோ? எண்ணெய் கசியாமலிருக்கப் போட்ட புது உறையின் இறுக்கமோ? இன்னும் கால் சுற்று முறுக்கினால் தெரிந்துவிடும். உடைந்தால் உடையட்டும், பழைய பம்ப்பு, ஏற்கெனவே கீறல் விட்டிருந்தது என்று சொல்லிவிடலாம். யார் பார்த்தார்கள்? பொய் தயாராக வந்து நாக்கு நுனியில் உட்கார்ந்துகொண்டது. முதல் பொய் போய் உட்கார்ந்த அதே இடத்தில், அதே சௌகரியமாக. அதைக் கண்டுதான் வைத்திலிங்கம் பயந்துபோனான்.

போல்ட்டுகளைத் தளர்த்திக் கழற்றினான். ஊர்ந்து வெளியே வந்தான்.

"எறக்குங்க."

"என்னய்யா இது ரத்தம்?" என்று பதறினார் அரிகிருஷ்ணன்.

"எண்ணெய்ங்க. பெட்டிய எறக்கணும்."

"மணி ஒம்பதே முக்கால். இவங்க பத்து மணிக்குப் போயிடுவாங்க. எறக்கினா மறுபடி ஏத்த ஆள் எங்க? பெட்டி ஏறி இன்னும் ரெண்டு மணி நேர வேலை இருக்குன்னு நீதானே சொன்னே?"

"ஆமாங்க மொசியே."

டாக்டரம்மா தடியை ஊன்றி எழுந்தார். "நிச்சயமா அது உக்காரலையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நிச்சயமாத் தெரியலம்மா. உக்காந்தும் இருக்கலாம்."

"தெரியாமலே எறக்கறேங்கிறியா?" அரிகிருஷ்ணனுக்குக் குரல் உயர்ந்தது. "ஒரு போல்ட்டு முறுக்கறதுக்கு இவ்வளவு பயமா? பின்ன எதுக்கு இந்த வேலைய ஒத்துக்கிட்ட?"

"தெரியாம ஒரு தடவ செஞ்சிட்டேங்க" என்றான் வைத்திலிங்கம். பேச ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "அந்த லாரி எண்ணெய ஊத்தினது நான்தான். சைகோன்ல யாரும் ஊத்தல. போன ஆடியில இதே கொட்டாயில, இந்தக் கையாலதான் ஊத்தினேன். புத்தகத்துல நீங்க படிச்சப்பவே எனக்குத் தெரியும். பொய் சொல்லிட்டேன். வழக்கமாச் செய்யறதுதானேன்னு செஞ்சேன், வண்டி வெந்துபோச்சு. இதையும் வழக்கமாச் செய்யறதுதானேன்னு முறுக்கினா..."

கழியைத் தோளில் வைத்திருந்த குப்பன் கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தான்.

"காலாப்பட்டுக்கு மாட்டுவண்டி எத்தனை நேரம் எடுத்துதுன்னு தெரியுமா உனக்கு?" என்றார் டாக்டரம்மா. ஐந்து வருஷமாக 'நீங்க' என்று பேசினவர். "ரெண்டே முக்கால் மணி. நான் வண்டியில உக்காந்து எண்ணிக்கிட்டே போனேன். அண்ணன் வாங்கின வண்டி, அண்ணனாலதான் இப்படின்னு அவரைத் திட்டிக்கிட்டே போனேன்."

"அம்மா..."

"பேசாத."

அரிகிருஷ்ணன் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்விட்டார். குப்பனும் ஆட்களும் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, கயிற்றை அவிழ்க்காமலே கடற்கரைக்கு நடந்தார்கள். போகும்போது யாரும் அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

கன்வர்ட்டரை உருவினான். பம்ப்பின் ஒரு காதில், ஓரத்தில், நகக்கண் அளவுக்கு நசுங்கிப் பளபளத்தது. உடையவில்லை. நழுவித்தான் இருந்திருக்கிறது. இன்னும் கால் சுற்று போயிருந்தால் காது கையோடு வந்திருக்கும். அந்த இடத்தைத் துணியால் துடைத்தான்.

மறுபடி பெட்டியை நிமிர்த்தி, எண்ணெய் ஊற்றித் தூக்கி வைத்தான். ஒன்று இறங்கியது. இரண்டு இறங்கியது. மூன்றாவது வரவில்லை. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. அவனையறியாமல் மேலிருந்து அழுத்தத் தொடங்கினான்.

"அமுக்காத" என்று பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. கோபம் கொஞ்சமும் குறையாத குரல். "அமுக்கினா ரெண்டுக்கும் சேதம். பாரத்தைக் கையில வாங்கிக்க. திருப்பிவிட்டுட்டுக் காத்திரு. அதுக்கு வழி கிடைச்சா அதுவே வரும்."

இருபது வருஷம் பிள்ளைகளை வெளியே எடுத்தவர் சொல்கிறார். பாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு திருப்பினான். ஒரு இடத்தில் அது தானாக நழுவி, 'டொக்' என்று கீழே போய் உட்கார்ந்தது. ஸ்கேலை வைத்தான். கட்டைவிரல் அகலம். மரப்பட்டையைக் கட்டினான். மணி பதினொன்றரை ஆகியிருந்தது. தூக்க ஆளில்லை.

கொட்டகை ஓரமாக அவன் குந்திவிட்டான். பூசணிக்காய் உட்கார்ந்து என்ன, உட்காராமல் என்ன? மூன்று மணிக்கு லாரி வரும். இந்த அம்மாள் கப்பலேறிப் போவதற்குக் காரணம் இன்னாரென்று இப்போது ஊருக்கே தெரியும். சொல்லாமல் இருந்தபோது ஒரு பாரம், சொன்ன பிறகு வேறொரு பாரம். சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று எவனோ வேலையற்றவன் சொல்லி வைத்திருக்கிறான்.

அப்போது வாசலில் காலிக் கூடைகளோடு ஆறு பெண்கள் வந்து நின்றார்கள். முன்னால் குப்பனின் மனைவி வீராயி. நாளெல்லாம் மீன்கூடை சுமந்து ஊர் சுற்றுகிறவர்கள்.

"வலை இன்னும் கரையேறல. ஏர்ற வரைக்கும் எங்களுக்கு வேலை இல்ல" என்றாள் வீராயி. "எங்கூட்டு ஆளு எல்லாத்தையும் சொன்னாரு. நீ சொன்னதையும் சொன்னாரு. தனக்கொடி எனக்குச் சின்னம்மா மவ. அத அப்பறம் பேசிக்கலாம். இப்ப சுமை எங்க, அதைக் காட்டு."

வைத்திலிங்கம் எழுந்து நின்றான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மூக்கு சாயக் கூடாது" என்று மட்டும் சொன்னான்.

"தலையில தண்ணிப் பானை வச்சிக்கினு வாய்க்கா தாண்டறவங்ககிட்ட சொல்றான் பாரு" என்றாள் இன்னொருத்தி.

கூடைகளை ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தார்கள். பக்கத்துக்கு மூன்று பேராகக் குனிந்து, கழியைத் தலையில் வாங்கினார்கள். பாட்டு இல்லை, கூச்சல் இல்லை. வீராயி ஒரு 'ம்' சொன்னாள். ஆறு பேரின் முழங்கால்களும் ஒன்றுபோல நிமிர்ந்தன. கூடை சாயாமல் ஏற்றி இறக்கியே பிழைப்பு நடத்துகிறவர்கள். கூடை ஒரு தடவை சாய்ந்தால் அன்றைய மீன் மண்ணோடு போயிற்று. அடியில் படுத்திருந்த வைத்திலிங்கத்தின் கண்முன்னால் அந்த இரும்புப் பெட்டி, குளத்தில் தெப்பம் வருகிற மாதிரி மட்டமாக வந்தது. பட்டையை அவிழ்த்தான். "ஒரு விரல் முன்னால" என்றான். ஒரு விரல் வந்தது. "இன்னும் ஒரு விரல்." வந்தது. பெட்டியின் வாயும் இன்ஜினின் முகமும் ஒட்டிக்கொண்டன. போல்ட்டு இல்லாமல், கை அழுத்தம்கூட இல்லாமல்.

திறப்பு வழியாகக் கையை விட்டுக் கன்வர்ட்டரைச் சுற்றினான். சுற்றியது. தடையே இல்லாமல் முழுச் சுற்று போய் வந்தது. காருக்கு அடியில் யாரும் பார்க்காத இடத்தில் படுத்துக்கொண்டு வைத்திலிங்கம் அழுதான்.

மீதி வேலையெல்லாம் கைக்குத் தெரிந்த வேலை. போல்ட்டுகள், பின்னால் போகிற தண்டு, கம்பிகள், தகடு, சீட்டு. சிவப்பு எண்ணெயை டின்னோடு கவிழ்த்து ஊற்றினான். தெருவில் போன நாலு பேரைக் கூப்பிட்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காரைத் தரையில் இறக்கினான். எங்கேயோ போயிருந்த அரிகிருஷ்ணனும் வந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கட்டை பிடித்தார். மணி இரண்டே கால்.

டாக்டரம்மா ஏறி உட்கார்ந்தார். தடியைப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினார். ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த பிடியை இழுத்து விட்டார்.

கார் நகரவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்திலிங்கம் மனசுக்குள் எண்ணினான். பம்ப்பு எண்ணெயை இழுத்து எல்லா வழியிலும் நிரப்ப நேரம் எடுக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன? நாலு. ஐந்து. அரிகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஆறு எண்ணும்போது கார், படுத்திருந்த மாடு எழுந்திருக்கிற மாதிரி ஒரு தரம் அசைந்து, மெல்ல வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

தெருக்கோடி வரைக்கும் போயிற்று. வேகம் பிடித்தபோது கியர் மாறின சத்தம்கூடக் கேட்கவில்லை. கோடியில் நின்றது. அப்படியே பின்னாலேயே வந்து கொட்டகை வாசலில் நின்றது. பின்னாலும் ஓடுகிறது, முன்னாலும் ஓடுகிறது. ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வைத்திலிங்கம் முழு மூச்சு விட்டான்.

டாக்டரம்மா எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு."

"எங்கம்மா?"

"காலாப்பட்டு. தனக்கொடியோட அம்மா பச்சையம்மா அங்கதான் இருக்காங்க. மவ செத்ததுக்கு வேளை சரியில்லன்னு சாமியத் திட்டிக்கிட்டிருக்காங்க. இங்க எங்ககிட்ட சொன்னத அவங்ககிட்ட வந்து சொல்லு."

அவன் அரிகிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்தான். "லாரிய நான் பாத்துத் திருப்பி அனுப்பிக்கறேன்" என்றார் அவர். அதை அவர் அவனிடம் சொல்லவில்லை, தங்கையிடம் சொன்னார்.

வைத்திலிங்கம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். கார் கிளம்பியது. ஊரைத் தாண்டி வடக்கே போகிற ரோட்டில், வலது கைப்பக்கம் கடல் தெரியத் தெரிய, ஒரு குலுக்கல் கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. தன் கையால் பூட்டின வண்டி வழியில் எங்கேயாவது நின்றுவிடக் கூடாதா என்று பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் வேண்டிக்கொண்டான்.

அது நிற்கவில்லை. அரை மணி நேரம் ஆவதற்குள் காலாப்பட்டு வந்துவிட்டது.